திரை கறுத்தால் யார் மீது தவறு?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணித ஆசிரியர். கணினியை முறையாகப் படித்தவன் அல்ல. எங்கள் பள்ளியில் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. அந்த ஒரு தகுதியில்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். நமது இரண்டு மாவட்டங்களும் ஒன்றாக இருந்து, 2001இல் பிரிந்து, 2002இல் சேர்ந்து, 2007இல் மறுபடியும் பிரிந்தவை. பயிற்சி என்று வந்தால் இன்றும் ஒரே அறையில்தான் உட்காருகிறோம். அதனால் உறவினர்களிடம் பேசுவதுபோல என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி. அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டாள். காரைப் பகுதியிலும் அரியலூரைச் சுற்றியும் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவங்கள் உங்களுக்குத் தெரியும். வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போயிருப்பீர்கள். நத்தை ஓடு போலச் சுருண்ட அந்தக் கல்லைக் கணினியில் முப்பரிமாணமாக வரைகிறேன் என்றாள். ஃப்ரீகேட் என்ற இலவச வடிவமைப்பு மென்பொருளை ஆய்வகத்தில் நிறுவியிருந்தோம்.

முதலில் மென்பொருளில் தயாராக இருக்கும் சுருளையே எடுத்து வரைந்தாள். கல்லோடு பொருந்தவில்லை. ஏனென்று அவளே கண்டுபிடித்தாள். தயார்ச் சுருளில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆரம் ஒரே அளவு கூடுகிறது, அதாவது கூட்டுத் தொடர்வரிசை. அம்மோனைட்டில் ஒரே மடங்கில் பெருகுகிறது, அது பெருக்குத் தொடர்வரிசை. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஆரம் 1.2 மடங்கு என்று வைத்தாள். முழுச் சுற்றுக்கு 2.07 மடங்கு வந்தது. பத்தாம் வகுப்புப் பாடத்தை இவ்வளவு அழகாகப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. புள்ளிகளைக் கணக்கிட்டு, வளைகோட்டால் இணைத்து, அதன் வழியே பெரிதாகிக்கொண்டே போகும் வட்டங்களை வைத்து ஓட்டை உருவாக்கினாள்.

கண்காட்சிக்கு ஆறு நாள் முன்பு கோப்பைத் திறந்தால் வரையும் பகுதி முழுக்கக் கறுப்பு. "சார், ஒண்ணுமே தெரியல" என்றாள். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கை எங்கேயோ தப்பாப் போட்டிருக்கே. முதல்ல இருந்து செய்" என்றேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாள் மாலையில் இருந்து, கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனாள். மூன்று முறையும் கறுப்புத் திரைதான். நான்காம் நாள், "எனக்கு இது வராது சார், சார்ட் பேப்பர்ல வரைஞ்சு ஒட்டிடறேன்" என்றாள்.

அன்று இரவு ஏதோ தோன்றி, அவளுடைய பென் டிரைவை வாங்கிப் போய் என் மடிக்கணினியில் திறந்தேன். அவள் முதல் நாள் செய்த கோப்பு. திரையில் அம்மோனைட் அப்படியே நின்றது. எலியால் சுழற்றினால் சுழன்றது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

அந்தக் கணினியில் என்ன நடந்திருந்தது என்று சொல்கிறேன். பத்து நாள் முன்பு ஹார்டு டிஸ்க் பழுதாகி, புதிதாக விண்டோஸ் நிறுவியிருந்தார்கள். கிராபிக்ஸ் டிரைவரை நிறுவ விட்டுவிட்டார்கள். விண்டோஸ் அப்போது தன்னிடம் இருக்கும் ஓர் அடிப்படை டிரைவரைப் போட்டுக்கொண்டு ஓடும். வேர்டு திறக்கும், இணையம் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் முப்பரிமாணம் வரைவதற்கான ஓபன்ஜிஎல் என்ற வசதி அந்த நிலையில் 1.1 என்ற மிகப் பழைய பதிப்பு அளவில்தான் கிடைக்கும். ஃப்ரீகேட்டுக்குக் குறைந்தது 2.0 வேண்டும்.

இதில் என்னை உறுத்துவது, அடையாளங்கள் எல்லாம் கண்ணெதிரே இருந்தன என்பதுதான். அந்தத் திரையில் எழுத்துகள் கொஞ்சம் பெரிதாக, மங்கலாகத் தெரிந்தன. திரையின் நுணுக்க அளவு 1024க்கு 768 என்று இறங்கியிருந்தது; பார்த்தோம், ஏனென்று கேட்கவில்லை. மென்பொருளைத் திறக்கும்போதெல்லாம், ஓபன்ஜிஎல் பதிப்பு போதாது என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்திருக்கிறது. மாணவி 'ஓகே' அழுத்தியிருக்கிறாள். நானும் 'ஓகே' அழுத்தியிருக்கிறேன். மூன்றாவதாக, வரையும் பகுதி கறுப்பாக இருந்தாலும் இடப்பக்கத்தில் அவள் வரைந்த உறுப்புகளின் பட்டியல் முழுசாக இருந்தது. வீட்டுச் சாமான் பட்டியல் சரியாக இருக்கிறது, விளக்குதான் எரியவில்லை. அதைப் பார்த்துவிட்டு வீடு திருட்டுப் போய்விட்டது என்று சொன்னவன் நான்.

கிராபிக்ஸ் கார்டு செய்யும் வேலையைக் கணித ஆசிரியன் மொழியில் சொல்லிவிடுகிறேன். வடிவமைப்பு மென்பொருள் நம் படத்தைப் படமாக வைத்திருப்பதில்லை. புள்ளிகள், ஆரங்கள், சமன்பாடுகள் என்று எண்களாக வைத்திருக்கிறது. ஓர் உருளையைக் காட்ட வேண்டுமானால் அதன் வளைபரப்பைச் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்து, எந்த முக்கோணம் முன்னால், எது பின்னால், எதன்மீது வெளிச்சம் என்று கணக்கிட்டு, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்ட வேண்டும். 1920க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை என்றால் 12 கோடியே 44 லட்சத்துக்கு மேல். இந்தக் கூலி வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. மென்பொருளுக்கும் கார்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நிற்பது டிரைவர். ஆக, திரையில் படம் கெட்டால் சந்தேகப்பட வேண்டியவர்கள் பலர்: கோப்பு, மென்பொருள், டிரைவர், கார்டு, கேபிள், மானிட்டர். மாணவர் இவர்கள் எல்லாருக்கும் பிறகுதான்.

யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அதே கோப்பை வேறு கணினியில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோப்பு நல்லது. பிறகு கெட்ட கணினியில் புதிதாக ஒரு கனசதுரம் மட்டும் வரையுங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் டிரைவர் பக்கம் போகலாம். கனசதுரம் தெரிந்து பெரிய கோப்பு மட்டும் திணறினால், கார்டின் நினைவகமோ வேகமோ போதவில்லை. இந்த இரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் அன்று செலவிடவில்லை. அவள் மூன்று மாலைகளைச் செலவிட்டாள்.

திரையில் கோடு கோடாக, கட்டம் கட்டமாகக் குப்பை தெரிந்தால் இன்னொரு எளிய சோதனை உண்டு. பிரின்ட் ஸ்கிரீன் எடுத்து, அந்தப் படத்தை வேறு கணினியில் பாருங்கள். படத்திலும் அந்தக் கோடுகள் இருந்தால் தவறு கணினிக்குள் இருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கேபிளோ மானிட்டரோதான். கணினியை இயக்கியவுடன் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றுமே, அப்போதே கோடுகள் இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். விண்டோஸின் டிரைவர் அந்த நேரத்தில் இன்னும் வேலைக்கு வரவில்லை. அப்போதே கோடு இருந்தால் டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பயனில்லை.

கணினியில் எந்தக் கார்டு இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் சிறு பெட்டியில் டிஎக்ஸ்டயாக் என்று ஆங்கிலத்தில் தட்டினால், 'டிஸ்பிளே' பக்கத்தில் கார்டின் பெயரும் டிரைவரின் தேதியும் வரும். அங்கே இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று ஏதாவது பெயர் இருந்தால் சரி. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் எங்கள் பள்ளியில் நடந்ததுதான் உங்கள் பள்ளியிலும் நடந்திருக்கிறது. கணினி அல்லது கார்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கி நிறுவுங்கள். "எல்லா டிரைவரையும் இலவசமாகப் புதுப்பித்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் தளங்களின் பக்கமே போகாதீர்கள். டிரைவரோடு என்னென்ன விருந்தாளிகள் வருவார்கள் என்று சொல்ல முடியாது. நேற்று வரை சரியாக இருந்து, விண்டோஸ் புதுப்பித்தலுக்குப் பிறகு கெட்டிருந்தால் புதியதைத் தேட வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் முந்தைய டிரைவரைத் திருப்பித் தரும்.

வேலைக்கு நடுவில் திரை ஒரு கணம் கறுத்து, மீண்டும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கார்டு இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை அடித்து எழுப்புகிறது. அதுதான் அந்தக் கறுப்பு. எப்போதாவது வந்தால் விடுங்கள். தினமும் வந்தால் டிரைவரையும் சூட்டையும் பாருங்கள். திரை உறைந்து நின்றால், பவர் பொத்தானை அழுத்தும் முன் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி விசையைத் தட்டுங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும். சேமிக்காத படம் பல நேரம் இதில் பிழைத்துவிடுகிறது.

சூடு என்றேன். சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையோரத்தில் பள்ளி இருந்தால் நான் விளக்கவே வேண்டாம். காலையில் துடைத்த மேசையில் மதியம் பெயர் எழுதலாம். அந்தத் தூசி கார்டின் விசிறியிலும், அதன் அடியில் இருக்கும் உலோகத் தகடுகளுக்கு நடுவிலும் போய்க் கம்பளி மாதிரிப் படிகிறது. வேர்டில் தட்டச்சு செய்யும்போது ஒன்றும் தெரியாது. முப்பரிமாண மாதிரியைச் சுழற்றத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் படம் திக்கும், பிறகு கணினியே அணைந்துவிடும். காலை வகுப்பில் நன்றாக ஓடி, பிற்பகல் வகுப்பில் மட்டும் அடம்பிடிக்கும் கணினி என்றால் முதலில் தூசியைத்தான் நினைப்பேன். மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊத வேண்டும். ஆனால் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கும் கணினியை நாமாகத் திறக்கக் கூடாது; முத்திரையைக் கிழித்துவிட்டுப் பிறகு விளக்கக் கடிதம் எழுதுவது பெரிய வேலை.

தனிக் கார்டு உள்ள மேசைக் கணினியில் இன்னொரு வேடிக்கை நடக்கும். பின்பக்கம் மானிட்டர் கேபிள் செருக இரண்டு இடங்கள் இருக்கும்: தாய்ப்பலகையில் ஒன்று, கீழே கார்டில் ஒன்று. பெருக்குவதற்காகக் கழற்றி மாட்டுகிறவர்கள் கைக்கு எட்டியதில் செருகிவிடுவார்கள். படம் வரும், ஆனால் வரைவது தாய்ப்பலகையோடு வந்த எளிய கிராபிக்ஸ். காசு கொடுத்து வாங்கிய கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். மடிக்கணினியில் இதே கதை கேபிள் இல்லாமல் நடக்கிறது. இரண்டு கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினி, மின்கலத்தை மிச்சப்படுத்த எளியதையே தேர்ந்தெடுக்கும். விண்டோஸ் அமைப்புகளில் 'டிஸ்பிளே', அதற்குள் 'கிராபிக்ஸ்' என்று போய், வடிவமைப்பு மென்பொருளுக்கு மட்டும் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று சொல்லிவிட வேண்டும்.

டிரைவர் உடனே கிடைக்கவில்லை, நாளை செய்முறைத் தேர்வு என்றால் முதலுதவி ஒன்று இருக்கிறது. ஆட்டோகேடில் கட்டளை வரியில் கிராபிக்ஸ்கான்ஃபிக் என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் தட்டினால் வரும் பெட்டியில் 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்' என்பதை அணைத்துவிடலாம். ஃப்ரீகேடில் முப்பரிமாணக் காட்சிக்கான விருப்பங்களில் 'சாஃப்ட்வேர் ஓபன்ஜிஎல்' இருக்கிறது. இப்படிச் செய்தால் கார்டின் வேலையை மையச் செயலியே பார்த்துக்கொள்ளும். படம் வரும், மெதுவாக வரும். இது முதலுதவிதான், கட்டுப் போட்ட காலோடு வருடம் முழுக்க நடக்க முடியாது. வெறும் தள வரைபடம், கட்டடப் பிளான் போன்ற இருபரிமாண வேலைதான் என்றால் லிப்ரேகேட் போதும். அதற்கு நல்ல கார்டு எதுவும் தேவையில்லை. விலை உயர்ந்த கார்டு இருந்தால்தான் 'கேட்' சொல்லித்தர முடியும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், "இது எங்களுக்கு எதற்கு" என்று நினைக்கலாம். ஜியோஜீப்ராவில் கனசதுரத்தையும் கூம்பையும் சுழற்றிக் காட்டுகிறீர்களே, அதுவும் இதே வழியில்தான் வருகிறது. உலாவியில் ஜியோஜீப்ராவின் முப்பரிமாணம் மட்டும் வெறுமையாக இருந்தால், உலாவியின் அமைப்புகளில் 'கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அரசு வழங்கிய பழைய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸைப் பயன்படுத்துபவர்கள், கணினி விவரப் பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் 'எல்எல்விஎம்பைப்' என்ற பெயரைக் கண்டால், கார்டு ஒதுங்கிக்கொண்டு செயலி வரைகிறது என்று பொருள்.

அம்மோனைட் விஷயத்துக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. எந்தக் கணினியில் எது நடந்தாலும் "கிராபிக்ஸ் கார்டுதான்" என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கினேன். அதற்கும் ஒரு அடி விழுந்தது. எங்கள் பழைய மாணவன் ஒருவன், நில அளவைப் பணியில் இருப்பவன், ஓர் ஏரியின் மட்ட அளவைப் புள்ளிகளைக் கொண்டுவந்தான். ஃப்ரீகேடில் முப்பரிமாணமாகப் பார்க்க ஆசை. பெரிதாக்கினால் கோடுகள் நடுங்கின. கரையின் வளைவு படிக்கட்டு போலத் தெரிந்தது. டிரைவரை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். நண்பரிடம் இரவல் வாங்கி வேறு கார்டே போட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நடுக்கம் நிற்கவில்லை. அவன் வீட்டுக் கணினியிலும் அதே நடுக்கம் என்று பிறகுதான் சொன்னான். நான் உங்களுக்குச் சொன்ன முதல் சோதனையை நானே செய்யவில்லை.

அதற்குக் காரணம் எண்கள். புள்ளிகளை யுடிஎம் ஆயத்தொலைவில் அளந்திருந்தான். அதில் வடக்குத் தொலைவு நிலநடுக்கோட்டிலிருந்து மீட்டரில் வரும். பெரம்பலூர்ப் பகுதிக்கு அது ஏறத்தாழ 12 லட்சத்து 40 ஆயிரம். திரையில் வரைவதற்குப் பொதுவாக 32 பிட் எண்களையே பயன்படுத்துகிறார்கள். அதில் ஏறத்தாழ ஏழு இலக்கங்கள்தான் துல்லியமாக நிற்கும். மீட்டரைச் சொல்லவே ஏழு இலக்கமும் செலவாகிவிட்டன. தசமத்துக்குப் பின்னால் வைக்க இடமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தத் தொலைவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடைவெளி 12 செ.மீட்டருக்கும் சற்று அதிகம். அதற்கு நடுவில் இருக்கும் எந்தப் புள்ளியும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தாவித்தான் ஆக வேண்டும். கார்டு பாவம், கொடுத்ததை வரைந்தது. எல்லாப் புள்ளிகளிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்து, படத்தை ஆதிப்புள்ளிக்கு அருகே கொண்டுவந்தோம். நடுக்கம் போய்விட்டது. கழித்த எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்தோம். மறந்தால் ஏரி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

இதேபோல ஒரே தளத்தில் இரண்டு பரப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாணவர் வரைந்துவிட்டால், எது முன்னால் என்று தீர்மானிக்க முடியாமல் அந்த இடம் மினுமினுக்கும். கார்டு கெட்டுவிட்டது என்று தோன்றும். ஒரு பரப்பைச் சற்று நகர்த்தினாலோ நீக்கினாலோ மினுமினுப்பு அடங்கும்.

பழுதுப் பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. "கணினி எண் 7 – வேலை செய்யவில்லை" என்று எழுதுகிறோம். மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வது போன்றது அது. எங்கள் பதிவேட்டில் இப்போது மாணவர்கள் எழுதுகிறார்கள்: எந்த மென்பொருளில், என்ன செய்தபோது, திரையில் என்ன பெட்டி வந்தது, வேறு கணினியில் அதே கோப்பு எப்படி இருந்தது. பெட்டியில் வந்த ஆங்கில வாசகத்தை அப்படியே நகலெடுக்கிறார்கள். பழுது நீக்க வருகிற இளைஞர் அதைப் படித்துவிட்டு, சரியான டிரைவரைக் கையோடு கொண்டுவருகிறார். முன்பெல்லாம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, அடுத்த முறை வருகிறேன் என்று போவார்; அந்த அடுத்த முறைக்குள் பருவத் தேர்வு முடிந்திருக்கும்.

அந்த மாணவியிடம் மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன்: "உன் கணக்கு சரி. நான் பார்க்காமலே தப்புன்னு சொன்னேன்." அவள் என்ன சொல்வதென்று தெரியாமல், "பரவாயில்ல சார்" என்றாள். அப்புறம், "அப்போ மூணு தடவ செஞ்சதுல எதை வச்சுக்கறது சார்?" என்று கேட்டாள். மூன்றாவதில் ஓட்டின் வரிகளையும் சேர்த்திருந்தாள். அதைத்தான் கண்காட்சியில் வைத்தோம்.

சரி, பேச்சு போதும். உங்கள் முன்னால் இருக்கும் கணினிகளில் மூன்றை இன்று காலை நான் வேண்டுமென்றே கெடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் கேபிள் மாறியிருக்கிறது, ஒன்றில் டிரைவர் இல்லை, ஒன்றில் கணினி நன்றாக இருக்கிறது, கோப்புதான் கோளாறு. எது எது என்று கண்டுபிடியுங்கள். வருகிற பெட்டிகளில் 'ஓகே' அழுத்தும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.